ஹாஜியாரின் பல்கனியை எடுத்த கதை

பழைய கட்டடங்களை நீர்வர்ணத்தில் வரைகிறேன் என்று சொன்னால் கேட்பவர்களின் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிடும். ஜன்னலோரம், ஒரு கிண்ணம் தண்ணீர், மெல்லிய தூரிகை, இளங்காற்று என்று நினைத்துக்கொள்வார்கள் போல. என் கணவரிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். குடை பிடிப்பவர் அவர்தான்.

நான் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திர ஆசிரியை. வீடு மருதமுனையில். கணவர் அங்கே ஒரு கைத்தறி நெசவுக்கூடத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். கட்டடங்களை நான் தேர்ந்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆளையோ ஆட்டையோ வரைந்தால் மார்க்கத்துக்கு ஆகாது என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். கட்டடத்துக்கு உயிரில்லை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கூரையில் காகம் வந்து உட்கார்ந்தால்கூட அது பறக்கும்வரை காத்திருந்துவிட்டு வரைவேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் கிடைப்பது லேசில்லை. கடலோரம் இருந்தவற்றைச் சுனாமி கொண்டுபோனது. மிச்சமிருந்தவற்றை வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய காசில் உடைத்து, கண்ணாடி பதித்த மாடிவீடுகளாக்கிவிட்டார்கள். அதனால் எங்காவது ஒரு மரத்தூணையோ, சுண்ணாம்புச் சுவரையோ கண்டால், அடுத்த சனிக்கிழமைக்குள் அதை உடைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பதற்றமாக இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத சனி, ஞாயிறு காலைகளில்தான் என் வேலை. சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குப் பிறகு தூரிகையைக் கடதாசியிலிருந்து எடுப்பதற்குள் வர்ணம் காய்ந்துவிடும்.

காயாமலிருக்க வர்ணத்தில் ஒரு சொட்டுத் தேன் கலக்கலாம் என்று எங்கோ பார்த்துக் கலந்தேன். ஒரு பழைய பள்ளிவாசல் கதவின் நிழல் அழகாக வந்தது. மறுநாள் காலை பார்த்தால் அந்த நிழலில் பாதியை எறும்புகள் சாப்பிட்டிருந்தன. இன்னொரு முறை வெயிலுக்குச் சிவப்புக் குடை ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். வீட்டுக்கு வந்து படத்தை விரித்தால் வெள்ளை மினாரா முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது. குடையின் நிறம் கடதாசியில் விழுந்து என் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து கறுப்புக் குடைதான். அதன் கீழே நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி என்று கணவர் ஒரேயொரு முறை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

மாசி மாதத்தில் எங்கள் பாடசாலை மண்டபத்தில் என் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடாகியிருந்தது. ஒரு படம் மட்டும் குறைந்தது. கல்முனைக் கடைத்தெருவில் நான் பல வருடமாகக் கண் வைத்திருந்த ஒரு கட்டடம் அது. கீழே பெயிண்டும் ஆணியும் விற்கும் கடை. மேலே வீடு. மேல்வீட்டின் முன்னால் மரப் பல்கனி, அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக இழைத்த மரத்தட்டி, அதைத் தாங்கி இரண்டு பருத்த தூண்கள். சுவரில் மழைநீர் வழிந்து வழிந்து பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்ந்து, பார்க்க அவ்வளவு வடிவாக இருக்கும். கடைக்காரர் வயதான ஒரு ஹாஜியார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது.

வரையமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றார் கணவர். றோட்டில் இருந்து பார்ப்பதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். எதிர்ப்பக்க மருந்துக்கடை எட்டு மணிக்குப் பிறகுதான் திறக்கும். அதன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பல்கனியின் உயரத்தையும் தூணின் உயரத்தையும் ஒப்பிட்டேன். அதைச் செய்யாமல் பழைய கட்டடத்தை வரைய முடியாது. அந்தக் காலத்து மேசன்மார் ஒரு தூண் மாதிரி மற்றத் தூணைக் கட்டுவதில்லை.

ஓரிடத்தில் வாசலின் அகலம் எனக்குச் சரியாக வரவில்லை. கணவரை அனுப்பி அளந்துவரச் சொன்னேன். அவர் றோட்டைக் கடந்து, நெசவுக்கூடத்து டேப்பை விரித்து, வாசலை அளந்தார். வாசலிலிருந்து றோட்டு விளிம்புவரைக்கும் அளந்தார். அது எதற்கு என்று பிறகு கேட்டதற்கு, டேப் கையில் இருந்தது, அளந்தேன் என்றார். அந்த நேரம் ஹாஜியார் மேலே பல்கனியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் அப்போது றோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஹாஜியாரே ஒரு தட்டத்தில் பிளேன்டீயும் சூடான பாலப்பமும் கொண்டுவந்தார். "வெயிலுக்க நிக்கிறீங்க மிஸ், சாப்பிடுங்க" என்று என்னிடமும், "தம்பியும் எடுங்க" என்று கணவரிடமும் சொன்னார். அடுத்த கிழமை முட்டை ரொட்டி வந்தது. கலைக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஒரு மனிதரை நான் கடைத்தெருவில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டிலப்பம் கொண்டுவந்த நேரம், அவர் போகாமல் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்.

"மிஸ், எத்தின அடி எடுப்பீங்க?"

படத்தின் அளவைக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒன்றைப் படத்துக்குள் கொண்டுவருவதை எடுப்பது என்றுதான் நானும் சொல்வேன்.

"ரெண்டடி ஹாஜியார். அதுக்கு மேல எடுக்க எனக்கும் கஸ்டம்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "முன்பக்கம் மட்டும்தானே?"

"முன்பக்கம் மட்டும்தான். உள்ளுக்கு வரமாட்டன்."

"பல்கனி?"

"பல்கனிய எடுக்காம எப்பிடி? எத்தின கடை இரிக்க, அதுக்காகத்தானே உங்கட கடையத் தேடி வந்தது."

அவர் தலையை உயர்த்திப் பல்கனியைப் பார்த்தார். பிறகு தூண்களைப் பற்றிக் கேட்டார்.

"ரெண்டு தூணையும் எடுக்கணும். கரண்ட் கம்பிய விட்டிருவன். அந்த வேப்ப மரத்தையும் தொடமாட்டன்."

"வேப்ப மரம் றோட்டு மரம்" என்றார் அவர் மெதுவாக. "அத விட்டுட்டு எண்ட தூண எடுக்கிறீங்க."

"மரத்த விட உங்கட தூண்தான் வடிவு" என்றேன்.

அவர் வெறுந்தட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். எவ்வளவு ரசனையுள்ள மனிதர் என்று கணவரிடம் சொன்னேன். கணவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அவர் கடைக்குப் போகல்ல, தட்டத்தோட பள்ளிவாசலுக்குப் போறார்" என்றார். வயதாகிவிட்டது, பள்ளிவாசலுக்குப் போவார்தானே என்று நான் தூணின் நிழலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கிழமை ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. ஹாஜியாரும், அவருடைய பள்ளிவாசலின் நிர்வாகம் பார்க்கும் நம்பிக்கையாளர் ஒருவரும் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு இறங்கினார்கள். கணவரை அடையாளம் தெரிந்த யாரோ சொல்ல, நெசவுக்கூடத்தில் விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சலாம் சொல்லி, உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பு, கடல் நிலவரம், வெங்காய விலை எல்லாம் பேசிய பிறகு நம்பிக்கையாளர் விஷயத்துக்கு வந்தார். இது ஹாஜியாரின் மூத்தவாப்பா காலத்துக் கட்டடம். இரண்டடி போனால் பல்கனி நிற்காது. பல்கனி போனால் கூரை நிற்காது. நான் மேலிடத்தில் பேசி, றோட்டை மற்றப் பக்கம் தள்ளச் செய்ய முடியாதா என்று கேட்டார்.

"மருந்துக்கடை கொங்கிறீட்" என்று ஹாஜியார் சேர்த்துச் சொன்னார். "அது தாங்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலிடம் என்றால் அதிபரா, வலயக் கல்வி அலுவலகமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவர் எழும்பி உள்ளே போய், பாதி முடிந்த படத்தைப் பலகையோடு கொண்டுவந்து கதிரையில் நிறுத்தினார். "இவ டீச்சர்" என்றார். "இதைத்தான் எடுக்கிறா."

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். மேல்பாதி முடிந்திருந்தது. கூரையும், பல்கனியும், பாசி படர்ந்த சுவரும். கீழ்ப்பாதி வெறும் பென்சில் கோடு. நம்பிக்கையாளருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வட்டிலப்பம் வரைக்கும் கொடுத்தாயே என்று ஹாஜியாரின் தொடையில் தட்டினார். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணை மூடினார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய், தேநீர் ஊற்றுகிற சாட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை.

தேநீரோடு திரும்பி வந்தபோது ஹாஜியாரின் முகம் மாறியிருந்தது. எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய் நின்றிருந்தார்.

"டீச்சர், இது என்ன கறுப்பு?"

"பாசி."

"இது?"

"மழைத்தண்ணி ஊறல் ஹாஜியார்."

"இது?"

"அதுவும் ஊறல்தான். கூரைத் தண்ணி ஓடுற பீலி உடைஞ்ச இடம்."

அந்தப் பாசிக்காகத்தான் நான் ஆகக் கூடுதலாகக் கஷ்டப்பட்டேன் என்று அவருக்கு ஆர்வத்தோடு விளக்கினேன். பச்சையில் மண்நிறத்தைக் கலந்து, ஈரம் காயமுன் ஒரு பூச்சு, காய்ந்த பின் ஒரு பூச்சு, பிறகு வெறும் தண்ணீரால் விளிம்பை இளக்கி, பல்கனித் தட்டியின் கட்டங்களில் வர்ணம் ஏறாமலிருக்க மெழுகுதிரியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து. அவர் காதில் பாசி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். "ஊருக்கே பெயிண்ட் விக்கிறவன் நான்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. தூண்கள் இரண்டும் றோசாப்பூ நிறம். பல்கனிக்கு மட்டும் தங்க நிறம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வெள்ளைச் சாறனும் சேட்டுமாக, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்றார். "இப்ப கீறுங்க டீச்சர்" என்றார்.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கணவர் பழக்கத்தில் குடையை விரித்தார்.

மேல்பாதியை இனி மாற்ற முடியாது என்று ஹாஜியாருக்குச் சொன்னேன். வெள்ளை பூசி மூடிவிட்டு மேலே பச்சை அடிக்கலாமே, இரண்டு கோட்டில் மறைந்துவிடும் என்றார் அவர். தொழில் தெரிந்தவர் என்ற உரிமையோடு சொன்னார்.

"நீர்வர்ணத்தில வெள்ளை இல்ல ஹாஜியார். வெள்ளையெண்டா அது பேப்பர்தான். ஒருக்கா அடிச்சா அடிச்சதுதான்."

அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "வெள்ளையே இல்லாத பெயிண்ட உங்களுக்கு எந்தக் கடைக்காரன் வித்தவன்?" என்றார். உள்ளே போய்க் கடையிலிருந்து ஒரு சின்ன டின் வெள்ளை எமல்ஷனும், அரை அங்குலப் பிறஷும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பன்றி மயிர் இல்லை, நைலோன், பயப்படாமல் பாவியுங்கள் என்றும் சொன்னார்.

அன்று திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபமாக இருந்தது. அவர் வீட்டுக்கு அவர் பெயிண்ட் அடித்ததற்கு நான் எப்படிக் கோபப்பட முடியும் என்பதால் இன்னும் கோபம் வந்தது. ஃபோனில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களைப் பார்த்து மிச்சத்தை முடிக்கலாமா என்று தேடினேன். எல்லாவற்றிலும் கட்டடத்தின் கீழ்ப்பாதிக்கு முன்னால் ஒரு பஸ்ஸோ, ஒரு மீன் சைக்கிளோ, இல்லாவிட்டால் கணவரின் குடையோ நின்றது. பலகையை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஒரு படம் குறைவாகக் கண்காட்சி வைத்தால் உலகம் அழிந்துவிடாது என்று கணவர் சொன்னார். அப்படி ஒருவர் சொல்லும்போதுதான் அந்தப் படம் இல்லாமல் முடியாது என்று நமக்குத் தோன்றும்.

பிறகு மாரி தொடங்கியது. எங்கள் பக்கத்து மாரி பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாள்கணக்கில் விடாமல் பெய்தது. கடலிலிருந்து வரும் காற்று மழையைப் படுக்கவைத்துச் சுவருக்குள் அடித்தது. பழைய சுண்ணாம்புச் சுவர்கள் மூச்சு விடுபவை. உள்ளே ஏறிய ஈரமும் உப்பும் வெளியே வரத் துடிக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷனைப் பூசினால் என்ன நடக்கும் என்பது பெயிண்ட் விற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாஜியாருக்கும் தெரியும். அவசரத்தில் யோசிக்கவில்லை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். முதலில் சுவரில் கொப்பளங்கள் வந்தன. பிறகு கிளிப்பச்சை துண்டு துண்டாக உரிந்து, வாசலில் நின்று ஆணி வாங்குபவர்களின் தலையில் விழுந்தது. உங்கள் கடைப் பெயிண்ட்தானா ஹாஜியார் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்களாம்.

ஒருநாள் கணவர் வேலையால் வந்து, சேட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஹாஜியார் நெசவுக்கூடத்துக்கு ஃபோன் பண்ணியதாகச் சொன்னார்.

"என்ன சொன்னார்?"

"டீச்சர வரச் சொல்லுங்க, பாசி வந்திட்டு எண்டார்."

மழை விட்ட ஒரு ஞாயிறு காலை போனோம். பல்கனியின் தங்க நிறமும் உரிந்து, கட்டடத்தின் மேல்பாதி என் படத்தில் இருந்த மாதிரியே ஆகியிருந்தது. ஊறல் கூட அதே இடத்தில். ஆனால் பல்கனிக்குக் கீழே மழை அடிக்காத இடங்களில் கிளிப்பச்சை அப்படியே நின்றது. தூண்களில் றோசாப்பூ நிறம் பாதி உரிந்து, உள்ளிருந்து பழைய நீலமும் அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சளும் எட்டிப் பார்த்தன. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவது என்று முடிவெடுத்தேன். கிளிப்பச்சையைக் கலக்கும்போது கை கூசியது உண்மை.

வெயில் காலத்தில் காயாதே காயாதே என்று கெஞ்சிய வர்ணம், மாரியில் காயமாட்டேன் என்றது. ஒரு பூச்சு பூசிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் மதியத் தொழுகைக்கு லுஹர் ஆகிவிடும் போலிருந்தது. நான் கடதாசியை ஊதிக்கொண்டிருப்பதை ஹாஜியார் பார்த்தார். மேலே போய் மகளின் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடையைத் திறக்கச் செய்து, உள்ளிருந்து வயர் இழுத்தார். அதற்குப் பிறகு ஒரு பக்கம் கணவர் திரும்ப வந்த தூறலுக்குக் குடை பிடித்தார். மறுபக்கம் ஹாஜியார் மெஷினைப் பிடித்தார். நான் தூரிகையை எடுத்ததும் அவர் காற்றை விடுவார். காற்றை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து விட வேண்டும் என்பதெல்லாம் கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பழகிவிட்டது. நான் பொறுங்கள் என்றால், காணாது, இன்னும் ஈரம் இருக்கிறது என்று என்னையே மறித்தார். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றது. அதற்குள்ளிருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். ஹாஜியார் அவர்களுக்குக் கை காட்டினார்.

கண்காட்சியன்று அவர் நேரத்தோடு வந்துவிட்டார். அத்தர் மணக்க, புதுத் தொப்பியோடு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றவர் வேறெங்கும் போகவில்லை. வந்தவர்களுக்கு இது பீலி உடைந்த ஊறல், இது கடல் காற்று அடிக்கும் பக்கம், இந்த நீலம் வாப்பாவின் காலத்தில் அடித்தது என்று விளக்கினார். என்னிடம் கேள்வி கேட்க வந்தவர்களும் அவரிடமே கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் அந்தப் பச்சை எவ்வளவு துணிச்சலான நிறம் என்று வியந்தபோது, "அது எண்ட ஐடியா" என்றார். கீழ்ப்பாதியைக் காட்டி, இவ்வளவும் நான் காயவைத்தது என்றும் சொன்னார். பொய்யில்லை. என் கணவர் மூலையில் ஒரு கதிரையில், வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

படத்தை ஹாஜியாருக்கே கொடுத்துவிட்டேன். கடையில் மாட்டுவார் என்று நினைத்தேன். பெயிண்ட் கடையில் பாசியை மாட்டினால் யாவாரம் என்னத்துக்காகும் என்று மேலே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பெருநாளுக்கு அடுத்த நாள் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பல்கனிக்குள் முதன்முதலாக நின்று பார்த்தேன். மருந்துக்கடை வாசல் மிகச் சின்னதாகத் தெரிந்தது. படம் சுவரில் இல்லை. முன்னறை அலுமாரியின் மேல், இரண்டு தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டேன். ஹாஜியாரின் மனைவி என் தட்டில் இன்னும் ஒரு துண்டு இறைச்சியை வைத்துக்கொண்டே சொன்னா: "சுவர் முழுக்க ஊறல் மகள். மாட்டினா படம் பழுதாயிரும்."